கூலி காசிலா, விறகிலா? எங்கள் மாமரத்தில் கிளை கழித்துக் கவாத்து செய்தவர்களைப் பற்றி ஒரு ரெவ்யூ

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு. மீதி ஒன்றை எதற்குப் பிடித்தேன் என்பது கீழே வரும், அதில் ஒரு துணிக்கொடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. மரம் வெட்டுகிறவர்களுக்கெல்லாம் யாராவது ரெவ்யூ எழுதுவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். பிரியாணிக் கடைக்கு எழுதுகிறோம், மிக்ஸிக்கு எழுதுகிறோம், முப்பது வருஷ மரத்தில் கை வைக்கிற ஆளைப் பற்றி எழுதினால் என்ன? பிரியாணி சரியில்லை என்றால் ஒரு மதியச் சாப்பாடு போகும், அவ்வளவுதான். இது சரியில்லை என்றால் என்ன போகும் என்று எனக்கு நாலு வருஷமாகத் தெரியும்.

இவர்களுக்குப் பெயர்ப் பலகை, வெப்சைட் எதுவும் கிடையாது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளில் காலம் தள்ளிவிட்டுப் பிள்ளையோடு தாம்பரம் பக்கம் வந்து சேர்ந்த ஒரு பெரியவர், அவர் மகன், மகனோடு ஒரு பையன், ஆக மூன்று பேர். ஒரு செல் நம்பர் உண்டு, அதைப் பொதுவில் போடுவது முறையில்லை என்பதால் போடவில்லை. ஆனால் ஆள் யாராக இருந்தாலும் எதைப் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்பதுதான் நான் எழுத வந்த விஷயம், அதனால் நம்பர் இல்லாமலும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு சேலையூரில். அப்பா மனை வாங்கிய கையோடு நட்ட பங்கனப்பள்ளி மா ஒன்று, பின்பக்கம் வேம்பு, கிணற்றடியில் தென்னை, காம்பவுண்டு ஓரம் முருங்கை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இரண்டு குல்மோஹரும் ஒரு தூங்குமூஞ்சி மரமும் வேரோடு சாய்ந்தன, ஒன்று நேராக ஒரு காரின் மேல். எங்கள் மா அசையவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மாவுக்கு மரத்தைப் பார்த்தாலே பயம். ஒவ்வொரு ஐப்பசிக்கும் "எதுக்கும் கொஞ்சம் கழிச்சு விட்டுடுடா" என்பது வீட்டில் தீபாவளி மாதிரி ஒரு சடங்காகிவிட்டது.

2021 நவம்பரில் நான் அந்தச் சடங்கைச் செய்து முடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வாசலில் போன ஒரு ஆளைக் கூப்பிட்டேன். காசு வேண்டாம், விறகை நான் எடுத்துக்கொள்கிறேன், டீ செலவுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் போதும் என்றார். எனக்கு அது பெரிய லாபமாகத் தெரிந்தது, இதற்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா என்று பெருமையாக வேறு இருந்தது. ஆபீஸில் இருந்து சாயங்காலம் வந்து பார்த்தால், எட்டடி உயரத்தில் ஏறக்குறைய மொத்த மரத்தையும் மொட்டையடித்திருந்தார். தொடை கனத்துக் கிளைகளில் இரண்டைத் தவிர பாக்கியில்லை, மற்றதெல்லாம் வண்டியில் ஏறிப் போய்விட்டன. அடியில் தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த சுள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன! எதை எடுக்க வேண்டுமோ அது இருந்தது, எதை விட வேண்டுமோ அது போய்விட்டது. ஒரு பெரிய கிளை பாரம் தாங்காமல் பாதி வெட்டில் முறிந்து, இரண்டடி நீளத்துக்கு அடிமரத்துப் பட்டையை வாழைநார் மாதிரி உரித்துக்கொண்டு விழுந்திருந்தது.

அப்போது அவர் மேல்தான் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் செய்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. கூலி விறகில் என்றால் காய்ந்த சுள்ளிக்கு எடை ஏது? கனமான பச்சைக் கிளைக்குத்தான் எடை. நான் அவருக்குக் கொடுத்த வேலையே அதுதான், வெட்டுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் கூலி என்று சொல்லிவிட்டு, கம்மியாக வெட்டுவார் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

அதோடு மாதமும் தப்பு. மா பூப்பது நன்றாக முற்றிய கொப்பின் நுனியில். எங்கள் பக்கம் மார்கழி, தை வாக்கில் பூ வர வேண்டுமென்றால் அந்த நுனிகள் அதற்கு முன்னால் சில மாதமாவது வெயில் குடித்து முற்றியிருக்க வேண்டும். நவம்பரில் நுனியை எல்லாம் வெட்டினால் அந்த வருஷத்துப் பூவை மொத்தமாகக் குப்பைக்கு அனுப்புகிறோம் என்று அர்த்தம். 2022 கோடையில் ஒரு காய் இல்லை. அம்மா ஊறுகாய்க்கு மாங்காய் விலைக்கு வாங்கினாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தப் பையை மட்டும் நான் பார்க்கிற இடத்தில் வைத்தாள்.

காயை விடுங்கள். முப்பது வருஷமாக இலை நிழலிலேயே இருந்த பட்டை திடீரென்று மேற்கு வெயிலில் நின்றதும் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்தது. வெட்டி மிஞ்சிய ஒவ்வொரு முண்டிலும் பத்துப் பதினைந்து போத்து, அதாவது புதுக் கொம்பு, துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்தது மாதிரி. பார்க்கிறவர்கள் எல்லாம் "அட, எப்படித் தளதளன்னு தழைஞ்சிருக்கு" என்றார்கள், நானும் நம்பினேன். அது தழைச்சல் இல்லை, பதற்றம். மரத்துக்குச் சாப்பாடு சமைக்கிற இலை மொத்தமும் போய்விட்டதால் சேமித்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்து அவசர அவசரமாக இலை விட்டிருக்கிறது. அந்தப் போத்துகள் மரத்தின் உள்ளே இருந்து ஊன்றி வளர்ந்தவை அல்ல, பட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தவை. அடியில் இருக்கிற முண்டு உளுக்க உளுக்க மேலே போத்து கனத்துக்கொண்டே போகும்.

அது எங்கே போய் முடியும் என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் காட்டியது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, ராத்திரி படபடவென்று ஒரு சத்தம். விடிந்து பார்த்தால் கை கனத்தில் வளர்ந்திருந்த மூன்று போத்துகள் அடியோடு பிய்ந்து கார் ஷெட் ஷீட்டின் மேல் கிடந்தன. வர்தாவுக்கே அசையாத மரம்! புயலுக்குப் பயந்து வெட்டி, வெட்டியதாலேயே புயலில் உடைந்தது.

சரி, இனி ரெவ்யூ.

தெரு முனை நர்சரிக்காரர்தான் பெரியவர் நம்பரைக் கொடுத்தார். 2024 ஜனவரியில் கூப்பிட்டேன். வந்தார், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார், "இப்ப முடியாது தம்பி" என்றார். மிச்சமிருந்த இரண்டு கிளையில் அப்போதுதான் பூ எடுத்திருந்தது. "பூவுல கை வைக்கக் கூடாது. ஒடிஞ்சு தொங்குறத மட்டும் சுத்தம் பண்ணித் தரேன். காய் இறங்கட்டும், ஆடி போகட்டும், ஆவணி பொறந்ததும் கூப்பிடுங்க." அன்றைக்கு அரை மணி நேர வேலைக்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கையில் வந்த வேலையை ஏழு மாசம் கழித்து வைத்துக்கொள் என்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. என் கணக்கில் அவருக்கு ஒரு ஸ்டார் அன்றைக்கே சேர்ந்துவிட்டது.

ஆவணியில் அவரே ஃபோன் செய்தார். வந்த முதல் நாள் கத்தியையே வெளியில் எடுக்கவில்லை, நாற்பது நிமிஷம் பார்வை மட்டும்தான். கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: கடைசியாக நன்றாகக் காய்த்தது எந்த வருஷம், மேலே காக்கைக் கூடு இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், கரண்ட் ஒயர் எவ்வளவு தள்ளி இருக்கிறது, மரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டது எப்போது. கடைசிக் கேள்வி எனக்குப் புரியவில்லை. கார் நிறுத்த வசதியாக இருக்குமே என்று தூரை ஒட்டியே தளம் போட்டிருந்தேன். "தலைய எவ்வளவு வாரினாலும் கால் நிக்க இடம் வேணும்ல" என்றார். இரண்டடி சுற்றுக்கு உடைக்கச் சொன்னார், உடைத்தேன்.

கூலி விவரம், பலரும் கேட்பார்கள் என்பதால்: மாவுக்கு 4,500, வேம்புக்கு 2,500, முருங்கை சும்மா. குப்பையை அவர்களே ஏற்றிப் போக வேண்டும் என்றால் தனியாக 1,200. விறகை எடுத்துக்கொண்டு கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்களேன் என்று என் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. "வேணாம் தம்பி. வெறகு என்னுதுன்னு ஆயிட்டா அப்புறம் கை நிக்காது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலை நடந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு லீவு போட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

ஏறுவதற்கு முன்னால் பையன் கையிலும் கழுத்திலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டான். மாம்பால் பட்டால் தோல் வெந்துபோகும், சிலருக்குக் கொப்புளமே வரும். ஆணி வைத்த செருப்பு எதுவும் இல்லை, வெறும் கால், இடுப்பில் ஒரு வடம், மேல் கவையில் ஒரு வடம். மேற்குக் கிளையில் முசுறு எறும்பு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. அதை அழிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன், அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு வேலை பார்த்தார்கள். முசுறு இருக்கிற மரத்தில் மற்ற பூச்சிகள் அண்டப் பயப்படும், கடிக்கிறதுதான் கஷ்டம், அதை ஏறுகிறவன் பார்த்துக்கொள்வான் என்றார் பெரியவர். ஏறியவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு அதில் சம்மதம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

முதலில் காய்ந்தது, உளுத்தது, ஒன்றோடொன்று உரசுகிறது, உள்ளே குறுக்கே ஓடுகிறது. அது முடிந்ததும் துடைப்பங்கள். ஒவ்வொரு முண்டிலும் இருந்த போத்துகளில் நல்ல கோணத்தில் வெளிப்பக்கமாகப் போகிற ஒன்றையோ இரண்டையோ விட்டுவிட்டு மற்றதை எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அல்ல. மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் ஒரே தடவையில் போகக் கூடாது, மீதியை அடுத்த வருஷம், அதற்கும் அடுத்த வருஷம் என்று மூன்று தவணையாகச் செய்யலாம் என்றார். கெடுக்க ஒரு மத்தியானம் போதும், திருத்த மூன்று வருஷம்.

கிளையை எடுக்கிற விதத்தைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன். தொடை கனத்தில் உளுத்துப்போன கிளை ஒன்று. அடிமரத்தில் இருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கீழ்ப்பக்கம் இருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பம். அதற்கு நாலு விரல் வெளியே தள்ளி மேலிருந்து கீழாக இன்னொரு வெட்டு. கிளை மடேரென்று முறிந்தது, ஆனால் கிழிசல் அந்தக் கீழ் வெட்டோடு நின்றுவிட்டது, பட்டை உரியவில்லை. மிச்சமிருந்த முழ நீளக் கட்டையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வெட்டு. கிளை மரத்தோடு சேருகிற இடத்தில் சுருக்கம் விழுந்து கொஞ்சம் வீங்கின மாதிரி ஒரு வளையம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பெரியவர் அதைக் கழுத்து என்கிறார். வெட்டு அந்தக் கழுத்துக்கு ஒட்டி வெளியே விழ வேண்டும். கழுத்தையும் சேர்த்து வழித்து எடுத்தால் காயம் பெரிதாகிவிடும், மூடாது. நீளமாகக் கட்டை விட்டாலும் அது செத்து, கறையானுக்கும் வண்டுக்கும் வாசல் ஆகிவிடும். மனிதனுக்குப் புண் ஆறுகிற மாதிரி மரத்துக்கு ஆறுவதில்லை, கெட்ட இடத்தை உள்ளேயே தடுப்புப் போட்டு ஒதுக்கிவிட்டு, வெளியே ஓரத்தில் இருந்து புதுக் கட்டை உருண்டு வந்து மூடிக்கொள்ளும். உருண்டு வருகிற சதை இருப்பது அந்தக் கழுத்தில்தான்.

2021-இன் முண்டு ஒன்றில் மாவு மாதிரி மரத்தூள் கொட்டிக்கொண்டிருந்தது, நான் கறையான் என்று நினைத்து மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். மகன் சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றை முனை வளைத்து ஓட்டைக்குள் விட்டுத் துழாவினான். பத்து நிமிஷம். வெளியே வந்தது சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளைவெளேரென்று ஒரு புழு, தலை மட்டும் கறுப்பு, இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. தண்டு துளைப்பான். நல்ல மரத்தைவிட வெட்டி வெயிலில் காய்ந்து நலிந்த மரத்தைத்தான் அந்த வண்டு தேடி வரும் என்றான். பஞ்சில் மருந்து நனைத்து உள்ளே திணித்துக் களிமண்ணால் அடைத்தார்கள். புழுவைக் காகத்துக்குப் போட்டாயிற்று.

பெரிய வெட்டுகளுக்குப் போர்டோ பசை, பூஞ்சை அண்டாமல் இருக்கப் பூசுவது. கடையில் வாங்கியது இல்லை, அங்கேயே கலக்கினார்கள்: அரைக் கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), அரைக் கிலோ சுண்ணாம்பு, ஐந்து லிட்டர் தண்ணீர், தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து அப்புறம் ஒன்றாக. இரும்பு வாளி, பித்தளை எதுவும் கூடாது. கலந்ததும் பெரியவர் ஒரு பழைய கத்தியை அதில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பார்த்தார். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் துத்தம் தூக்கலாக இருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு வேண்டும். முதல் தடவை லேசாகச் சிவந்தது, ஒரு கைப்பிடி சுண்ணாம்பு போட்டார், இரண்டாம் தடவை கத்தி கத்தியாகவே வந்தது. பெயின்ட், தார் எல்லாம் அடிக்கிறார்களே என்று கேட்டேன். அது நம்ம கண்ணுக்கு அழகு, அடியில் ஈரம் நின்று உளுக்கத்தான் செய்யும், இதுவும் பெரிய காயத்துக்கு மட்டும்தான், விரல் கனத்துக்கெல்லாம் எதுவும் வேண்டாம் என்றார்.

வேம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழைக்காலமானால் நுனியெல்லாம் கருகித் தீய்ந்த மாதிரி நிற்கும், இப்போது ஊர் முழுக்க வேம்புகளில் பார்க்கலாம், பூஞ்சை நோய். மரம் செத்துவிட்டது என்று அடியோடு வெட்டிவிடுகிறார்கள். இவர்கள் கருகின கொப்பைப் பச்சை தெரிகிற இடத்துக்கு அரை அடி உள்ளே போய் வெட்டினார்கள், வெட்டினதை ஓரமாகக் கொண்டுபோய் எரித்தார்கள், ரம்பத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த மரம். நல்ல கிளை ஒன்றைக்கூடத் தொடவில்லை. வருஷப்பிறப்புப் பச்சடிக்குப் பூ வந்தது, அது போதும்.

தென்னையில் வேலை செய்யவே மாட்டேன் என்றுவிட்டார். பார்க்க லட்சணமாக இருக்கட்டும், தொங்குகிற மட்டைகளை எல்லாம் வெட்டி மேலே கொண்டை மாதிரி விட்டுவிடுங்கள் என்று நான்தான் கேட்டேன். காய்ந்து தானாகக் கழன்று வருகிற மட்டையை எடுக்கலாம், பச்சை மட்டையில் வெட்டுக் காயம் பட்டால் அந்த வாசனைக்குத் தென்னையைத் துளைக்கிற சிவப்புக் கூன்வண்டு வந்துவிடும், கட்டாயம் வெட்டத்தான் வேண்டும் என்றால் தண்டில் இருந்து நாலு அடி விட்டு வெட்டு என்றார். வேலையும் வேண்டாம், காசும் வேண்டாம் என்று இரண்டாவது தடவை.

முருங்கைக்கு மட்டும் ஈவு இரக்கம் கிடையாது. மூன்றடி உயரத்தில் ஒரே போடு. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று சொல்வார்களே. பிள்ளை விஷயத்தை விடுங்கள், முருங்கை விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. காய்ப்பு முடிந்ததும் வெட்டிவிட்டால் புதுக் கிளை அடித்துக் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும், விட்டுவிட்டால் மாடி உயரம் போய் ஒரு காற்றுக்கு முறியும். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நம் ஊரில் எல்லா மரத்துக்கும் முருங்கைப் பழமொழியைத்தான் பிரயோகம் செய்கிறோம். மாவும் வேம்பும் முருங்கை அல்ல.

இனி அந்த ஒரு ஸ்டார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வரவில்லை, ஃபோனும் எடுக்கவில்லை. நான் காரை எடுத்து அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, அம்மா மூன்று பேருக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நின்றார்கள். ஊரில் ஒரு சாவு என்று மகன் அப்புறம் சொன்னான். சரி, அதை ஒரு மெசேஜில் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, மொட்டை மாடித் துணிக்கொடி. கிளையை வடம் கட்டி நிதானமாகத்தான் இறக்கினார்கள், ஆனால் ஒன்று சுழன்று போய்க் கொடிக்கம்பியை அறுத்துவிட்டது. கட்டித் தருகிறேன் என்றார்கள். கட்டித் தரவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்திருந்ததை யாரும் கவனிக்காமல் மரத்தூள் முழுக்க உள்ளே போனது, அதில் என் பங்கும் உண்டு. காம்பவுண்டுச் சுவரில் போர்டோ நீலம் இன்னும் இருக்கிறது, இரண்டு மழைக்கும் போகவில்லை. குப்பையை ஏற்ற வண்டி மறுநாள் வரும் என்றது மூன்றாம் நாள்தான் வந்தது, அதுவரை தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது, எதிர் வீட்டு மாமாவிடம் நான்தான் பேச்சு வாங்கினேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது வேறு: மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹெல்மெட். அதுவும் கீழே நிற்கிறவர் தலையில். மேலே இருந்தவன் இருபது வயதுப் பையன். மரத்துக்கு இவ்வளவு பார்க்கிறவர் ஆளுக்கும் பார்க்க வேண்டாமா? கேட்டேன், "பழக்கம் தம்பி" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஸ்டார் முழுசாகப் போனது இதற்குத்தான், கொடிக்கம்பிக்கு அல்ல.

2025 ஆவணியில் இரண்டாம் தவணைக்கு வந்தார்கள். இந்தத் தடவை சொன்ன நாளில், இரண்டு ஹெல்மெட்டோடு. (நான் கேட்டதாலா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை.) ஏறுவதற்கு முன்னால் பெரியவர் என்னைக் கூப்பிட்டுப் போன வருஷத்து வெட்டு ஒன்றைக் காட்டினார். நீலப் பூச்சு உதிர்ந்துபோய், வெட்டுவாயைச் சுற்றி விரல் கனத்துக்குப் புதுச் சதை வளையல் போட்ட மாதிரி எழும்பியிருந்தது, நாலு பக்கமும் ஒரே அளவு. பக்கத்திலேயே 2021 வெட்டு ஒன்று. அதில் கழுத்தை வழித்திருந்ததால் இரண்டு ஓரத்தில் மட்டும் உதடு மாதிரிச் சதை, மேலும் கீழும் வெறும் உளுத்த கட்டை, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறது. உங்கள் வீட்டு மரத்திலும் பழைய வெட்டுகளை ஒரு தடவை பாருங்கள். வெட்டினவர் எப்படிப்பட்டவர் என்று அவரைக் கேட்கவே வேண்டாம், மரம் எழுதி வைத்திருக்கும்.

காய்க் கணக்கு: வெட்டுக்கு முன்னால் நல்ல வருஷத்தில் இருநூறு தாண்டும். 2022-இலும் 23-இலும் சைபர். 24-இல் இருபதோ என்னவோ. 2025 கோடையில் அறுபத்து நாலு, அணிலுக்குப் போனது சேர்க்காமல். வெட்டி ஒழுங்கு செய்த கிளையில் உடனே எதிர்பார்க்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார், அதனால் இது எனக்கு அதிகம்தான்.

ஆள் தேடுகிறவர்களுக்கு: நான் இப்போதெல்லாம் ரேட்டைக் கேட்பதற்கு முன்னால் விறகு யாருக்கு என்றுதான் கேட்பேன். அடுத்து எந்த மாதம் வருவீர்கள் என்று. நாளைக்கே என்று சொன்னால், மரத்தில் பூ இருக்கிறதா என்று பாராமல் சொல்கிறார் என்று அர்த்தம். "உள்ளே இருக்கிற சின்னக் கொப்பையெல்லாம் வழித்துச் சுத்தமாக்கி நுனியில் மட்டும் கொத்து விடுகிறேன், காற்று நன்றாகப் போகும்" என்று ஒரு ஆள் பக்கத்துத் தெருவில் செய்துகொண்டிருக்கிறார். பார்க்க ஜோராக இருக்கும், பாரம் மொத்தமும் நுனிக்குப் போய்க் கிளை தூண்டில் மாதிரி ஆடும், அதுவும் புயலில் ஒடிகிற வேலைதான். தெருவோர மரத்தில் நீங்களாக ஆள் வைத்துக் கை வைக்காதீர்கள், அது மாநகராட்சி மரம், அனுமதி வேண்டும். ஒயரைத் தொடுகிற கிளைக்கு மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் யாரையும் ஏற்றாதீர்கள், பெரியவரே எங்கள் வீட்டில் ஒயரைத் தொட்ட ஒரு கிளையை அப்படித்தான் ஒரு மாதம் தள்ளிப் போட்டார்.

கூடவே ஒரு சின்னப் பொருள். பெரியவர் கையில் பார்த்து நானும் வளைவான மடக்கு ரம்பம் ஒன்று வாங்கினேன், அறுநூற்றுச் சொச்சம். இழுக்கும்போது மட்டும்தான் அறுக்கும், தள்ளும்போது பலம் போட்டால் பல் வளைந்துவிடும், முதல் நாளே இரண்டு பல்லை வளைத்துவிட்டேன். கட்டைவிரல் கனம் வரைக்கும் வெண்ணெய் மாதிரி அறுக்கிறது, அதற்கு மேல் நான் போவதில்லை. புதுசாகத் துளிர்க்கிற போத்துக்கு ரம்பமே வேண்டாம், பென்சில் கனம் ஆவதற்குள் விரலால் ஒடித்துவிடலாம். ஞாயிறு காலை காபி டம்ளரோடு மரத்தைச் சுற்றி வருவது இப்போது பழக்கமாகிவிட்டது, அம்மா மாடியில் இருந்து "போதும்டா, விடு" என்று கத்துகிற வரைக்கும்.

மூன்றாம் தவணை அடுத்த ஆவணியில். கொடிக்கம்பியை நானே கட்டிவிட்டேன்.